ரெட்டினா அறுவைக்குப் போகிறவர் முதலில் எதைப் பழக வேண்டும்?

பின்முனை கேட்டது:

கண் மருத்துவ மேற்படிப்பின் கடைசி வருடம். ஃபேக்கோ (அல்ட்ராசவுண்டால் கண்புரையை உடைத்து எடுக்கும் அறுவை) தனியாகச் செய்கிறேன். ரெட்டினாவில் (விழித்திரையில்) லேசரும் ஊசியும் மட்டும்தான் கைவசம். விட்ரியோரெட்டினா ஃபெல்லோஷிப் தொடங்க இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. மூத்தவர்களிடம் சில கேள்விகள்.

இந்த நான்கு மாதத்தில் எதைப் பழகினால் உண்மையில் பயன்படும்? விட்ரெக்டமியில் (கண்ணை நிரப்பும் விட்ரியஸ் ஜெல்லைக் கட்டரால் வெட்டி எடுக்கும் அறுவை) புதியவர்கள் அதிகம் சறுக்குவது எந்தக் கட்டத்தில், ஏன்? ஃபேக்கோ நன்றாக வந்தால் இதுவும் வந்துவிடும் என்கிறார்களே, சரியா? பக்கிள் (கண்ணின் வெளிச்சுவரில் பட்டை தைத்து உள்ளே மேடு எழுப்புவது) இனியும் கற்க வேண்டிய வேலைதானா? கண்ணுக்குள் நிரப்பும் கேஸின் (வாயுவின்) சதவீதம் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

"நிறையப் படியுங்கள்" என்ற பதில் வேண்டாம். அளவு, காரணம், எங்கே தவறும் என்று எழுதினால் நல்லது.

---

இருபது டயாப்டர் எழுதியது:

நான்கு மாதமும் இன்டைரக்டை (விழித்திரையைப் பார்க்கும் தலைக்கருவி) மாட்டிக்கொள்ளுங்கள். கட்டர் பிடிப்பதை ஃபெல்லோஷிப்பில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இன்டென்டேஷனோடு (கண்ணை வெளியிலிருந்து அழுத்தி) ஓரா (விழித்திரையின் முன் விளிம்பு) வரை பார்ப்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். விழித்திரை விலகல் அறுவை தோற்பதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: பார்க்காமல் விட்ட கிழிசல், அப்புறம் பிவிஆர் (விழித்திரை மேல் வடுப்படலம் வளர்ந்து இழுப்பது). இரண்டாவது உங்கள் கையில் முழுதாக இல்லை. முதலாவது முழுக்க உங்கள் கையில்தான்.

நோயாளியை மல்லாக்கப் படுக்க வையுங்கள். உட்கார வைத்துப் பார்த்தால் கீழ்ப்பாதி ஒழுங்காகக் கிடைக்காது. பார்க்க வேண்டிய கடிகார நிலைக்கு நேர் எதிர்ப்பக்கம் நீங்கள் நிற்க வேண்டும். 12 மணியைப் பார்க்க, முதலில் நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி, மேலிமையின் மேல் இன்டென்டரை வைத்து, பிறகு அவர் மெதுவாக மேலே பார்க்கும்போது அதையும் கண்கோளத்தை ஒட்டியே பின்னால் நகர்த்துங்கள். ஓரா இருப்பது லிம்பஸிலிருந்து (கருவிழியின் விளிம்பு) ஏறக்குறைய 6 முதல் 8 மிமீ பின்னால். புதியவர்கள் லிம்பஸை ஒட்டியே அழுத்துவார்கள். நோயாளிக்கு வலிக்கும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஒன்றும் தெரியவில்லை என்றால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். உங்கள் கண், லென்ஸ், பாப்பா (கண்மணித் துளை), இன்டென்டர் முனை நான்கும் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். தலையை நகர்த்துங்கள். மேடு தெரிந்ததும் அந்த மேட்டையே சற்று உருட்டுங்கள். தட்டையாக இருக்கும்போது மறைந்திருக்கும் சின்னக் கிழிசல் மேட்டின் சரிவில் வரும்போது வாயைத் திறக்கும். 3 மணி, 9 மணியில் இமை வழியாக எட்டாது. மரப்பு சொட்டு விட்டு கன்ஜங்க்டைவா (வெண்விழியின் மேல் படலம்) மேலேயே வையுங்கள்.

20 டயாப்டர் லென்ஸில் சுமார் 3 மடங்கு பெரிதாகத் தெரியும், பரப்பு குறைவு. 28 டயாப்டரில் சுமார் 2.2 மடங்குதான், ஆனால் பரப்பு கூடுதல். பாப்பா சரியாக விரியாத கண்ணுக்கும் கேஸ் நிரம்பிய கண்ணுக்கும் 28 கைகொடுக்கும்.

வரைபடம் போடுவதை விட்டுவிடாதீர்கள். ஸ்கேன் கேமரா இருக்கும்போது எதற்கு என்று தோன்றும். கேமரா ஓராவரை எட்டாது என்பது ஒன்று. வரைய உட்கார்ந்தால்தான் எந்தக் கடிகார நிலையைப் பார்க்காமல் விட்டோம் என்று தெரியும் என்பது இன்னொன்று. காகிதத்தின் 12 மணி நோயாளியின் கால் பக்கம் இருக்கும்படி தலைகீழாக வைத்து, தெரிவதைத் தெரிந்தபடியே வரைந்தால் தானே நேராகிவிடும். ஒட்டிய விழித்திரை சிவப்பு, விலகியது நீலம், கிழிசலுக்கு நீல விளிம்பு போட்டு உள்ளே சிவப்பு, விட்ரியஸ் கலங்கல் பச்சை, கசிவுப் படிவு மஞ்சள், நிறமி கறுப்பு.

கிழிசலைத் தேடுவதற்கு வழி இருக்கிறது. லின்காஃபும் கீசரும் 1971இல் எழுதிய விதிகள் இன்றும் அப்படியே செல்லும். மேல் மூக்குப்பக்கம் அல்லது மேல் பொட்டுப்பக்கம் விலகியிருந்தால், 98 சதவீதக் கண்களில் கிழிசல் அந்த விலகலின் உயரமான விளிம்பிலிருந்து ஒன்றரை மணி நேர அளவுக்குள் இருக்கும். முழுதும் விலகியிருந்தாலோ, மேல் விலகல் 12 மணியைத் தாண்டியிருந்தாலோ, 93 சதவீதத்தில் 12 மணியை உச்சியாகக் கொண்ட முக்கோணத்துக்குள். கீழ் விலகலில் எந்தப் பக்கம் நீர் உயரமாக ஏறியிருக்கிறதோ அந்தப் பக்கம், 95 சதவீதம். கீழே பை போலத் தொங்கினால் கிழிசல் கீழே இருக்காது. மேலே எங்கோ இருந்து ஒரு மெல்லிய வாய்க்கால் வழியாக நீர் இறங்கியிருக்கும். அந்த வாய்க்காலைப் பிடித்து மேலே போங்கள்.

ஒன்று கிடைத்ததும் நிறுத்தாதீர்கள். ஏறக்குறைய பாதிக் கண்களில் ஒன்றுக்கு மேல் இருக்கும்.

ஸ்லிட் லாம்பில் முன் விட்ரியஸில் புகையிலைத் தூள் போலப் பழுப்புத் துகள் மிதக்கிறதா என்று கண்ணில் மின்னல் அடிக்கிறது, பூச்சி பறக்கிறது என்று வரும் எல்லோரிடமும் பாருங்கள். துகள் இருந்து கிழிசல் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் நீங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் பொருள்.

---

கட்டர்முனை எழுதியது:

மேலே சொன்னதில் மறுப்பில்லை. நான் மேசைக்கு வருகிறேன்.

ஃபேக்கோ கை உதவும், ஆனால் ஒரு பழக்கத்தை விட வேண்டும். ஃபேக்கோவில் துண்டை முனைக்கு இழுத்துக்கொள்வீர்கள். துண்டு தனியாக மிதக்கிறது. விட்ரியஸ் அப்படியல்ல. ஜெல்லின் ஒரு நுனி கட்டர் வாயில் இருக்கும்போது மறுநுனி விழித்திரையில் ஒட்டியிருக்கிறது. நீங்கள் இழுப்பது எங்கே போய்ச் சேருகிறது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். வாயில் ஜெல்லை வைத்துக்கொண்டு கட்டரை நகர்த்துவதுதான் புதியவர்களின் முதல் தவறு. வெட்டி முடியட்டும், பிறகு நகருங்கள்.

கருவியைப் புரிந்துகொள்ளுங்கள். மாக்கெமர் 1970களின் தொடக்கத்தில் மூடிய கண்ணுக்குள் விட்ரெக்டமி செய்தபோது ஒரே கருவி, 17 கேஜ். 1974இல் ஒமாலியும் ஹைன்ட்ஸும் 20 கேஜில் மூன்று துளை முறையைக் கொண்டுவந்தார்கள். 2002இல் 25, 2005இல் 23, 2010இல் 27. விட்டம் முறையே 20க்கு 0.9 மிமீ, 23க்கு 0.6, 25க்கு 0.5, 27க்கு 0.4. குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்கு. அதனால்தான் 25 கேஜில் உறிஞ்சு விசையைக் கூட்டி வைக்கிறோம். வெட்டு வேகம் கூடினால் ஒவ்வொரு கடியும் சின்னதாகும், விழித்திரை மீது வரும் இழுப்பு குறையும். விழித்திரையை நெருங்கும்போது வேகம் உச்சத்தில், உறிஞ்சல் அடக்கமாக.

இனி எங்கே சறுக்கும் என்பது.

ட்ரோகார் (கருவி நுழையத் துளையிடும் ஊசி): சொந்த லென்ஸ் உள்ள கண்ணில் லிம்பஸிலிருந்து 4 மிமீ, செயற்கை லென்ஸ் என்றால் 3.5 மிமீ. காலிபரால் அளந்து குறியுங்கள், கண்மதிப்பு வேண்டாம். கன்ஜங்க்டைவாவைச் சற்று நகர்த்திவிட்டு, சாய்வாக நுழைந்து, பாதியில் நிமிர்த்துங்கள். சாய்வுப் பாதைதான் கடைசியில் தானாக மூடிக்கொள்ளும்.

இன்ஃப்யூஷன் (கண்ணுக்குள் திரவம் செலுத்தும் குழாய்): முனை விட்ரியஸ் குழிக்குள் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் திறக்கவே கூடாது. லைட் பைப்பைச் சாய்த்துக் காட்டினால் உலோக முனை பளிச்சென்று தெரிய வேண்டும். மேலே மங்கலாகத் திரை தெரிந்தால் கோராய்டுக்கு (விழித்திரைக்குப் பின்னுள்ள ரத்தக்குழாய்ப் படலம்) அடியில் நிற்கிறது. அப்படியே திறந்தால் கோராய்டு பலூன் போல உள்ளே வரும். உடனே மூடி, வேறு துளைக்கு இன்ஃப்யூஷனை மாற்றி, நீர் வெளியேற வழிவிட வேண்டும். திரவத்தை மாற்றிக் காற்று ஏற்றும்போது இந்தத் தவறு இன்னும் மோசம்: கோராய்டு நாளம் வழியாகக் காற்று இதயத்துக்குப் போகலாம். அரிதுதான், ஆனால் உயிரைக் கொல்லும். காற்றைத் திறக்கும் முன் முனையை மறுபடி பாருங்கள். நடுவில் கண்ணை அமுக்கித் திருப்பும்போது கேன்யுலா (துளையில் நிற்கும் குழாய்) பின்வாங்கியிருக்கும்.

பிவிடி தூக்குவது (ஜெல்லின் பின்பக்கத்தை விழித்திரையிலிருந்து பிரிப்பது): ஒரு சொட்டு ட்ரையம்சினலோன் போட்டால் ஜெல் வெள்ளையாகத் தெரியும். கட்டரை டிஸ்கின் (பார்வை நரம்பின் தலை) விளிம்புக்கு அருகே வைத்து, வெட்டை நிறுத்தி, உறிஞ்சல் மட்டும். பிடித்ததும் நேராகச் சடக்கென்று தூக்காதீர்கள். மெதுவாக முன்னால், சுற்றிலும் பரவும் வெள்ளை அலையைப் பார்த்துக்கொண்டே. டிஸ்கிலிருந்து கழன்ற வைஸ் வளையம் மிதப்பது தெரிந்தால் வேலை ஆயிற்று. அலை ஈக்வேட்டருக்கு (கண்கோளத்தின் நடுச்சுற்று) அருகே தயங்கினால் விட்டுவிடுங்கள். விட்ரியஸ் அடித்தளம் விழித்திரையிலிருந்து பிரியாது. அதைச் சிரைக்கலாம், உரிக்க முடியாது. பிடிவாதமாக இழுத்தவர்கள் அங்கேதான் புதுக் கிழிசலை உண்டாக்குகிறார்கள்.

லென்ஸ் தொடுவது: சொந்த லென்ஸ் உள்ள கண்ணில் கருவி நடுக்கோட்டைத் தாண்டி எதிர் ஓரத்துக்குப் போனால் தண்டு லென்ஸின் பின்புறத்தை உரசும். முனையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் தண்டு கண்ணில் படாது. வலக்கைக்கு எட்டாத பக்கத்துக்கு இடக்கைக்கு மாற்றுங்கள். இரண்டு கையும் சமமாகப் பழக வேண்டியது இதற்காகத்தான். ஃபேக்கோவில் இந்தக் கட்டாயம் இவ்வளவு இல்லை.

ஐஎல்எம் (விழித்திரையின் உள்மேல் படலம்) உரிப்பது: பிரில்லியன்ட் ப்ளூ சாயம் 0.025 சதவீதம், அரை நிமிடம் போதும். முதல் கிள்ளலை ஃபோவியாவிலிருந்து (பார்வையின் மையக்குழி) தள்ளி, ரத்தக்குழாய் வளைவான ஆர்கேடு பக்கம் வையுங்கள். டிஸ்குக்கும் மாக்குலாவுக்கும் (ஃபோவியாவைச் சுற்றிய நடுப்பகுதி) நடுவே வேண்டாம். உரியும் மடிப்பை விழித்திரைக்கு இணையாக இழுக்க வேண்டும். மேலே தூக்கினால் கூடவே விழித்திரையும் வரும். அந்தப் படலம் சில மைக்ரான் கனம், சாதாரண மனிதக் கையின் நடுக்கமே நூறு மைக்ரான் அளவில் இருக்கும். மணிக்கட்டு சாய மேடை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

கண்ணழுத்தம் 25 முதல் 30 மிமீ பாதரசம். ரத்தம் வந்தால் 50, 60 வரை ஏற்றலாம், ஓரிரு நிமிடம் மட்டும், டிஸ்கின் நிறத்தைப் பார்த்தபடி. ஏற்றியதை இறக்க மறப்பது சகஜம். உதவியாளரிடம் சொல்லி வையுங்கள்.

முடிக்கும் முன் இன்டென்ட் செய்து சுற்றிலும் பாருங்கள், குறிப்பாகத் துளைகளின் பின்பக்கம். கேன்யுலாவை எடுத்ததும் கசிந்தால் 8-0 விக்ரிலில் ஒரு தையல். தையல் போடக் கூச்சப்பட்டு விட்டால் மறுநாள் கண் மிருதுவாக இருக்கும், போட்ட கேஸும் பாதி போயிருக்கும்.

பக்கிளைப் பற்றி என் கருத்து: சிகிச்சை மையங்கள் பலவற்றில் அது அருகிவிட்டது, உங்கள் நேரத்தை விட்ரெக்டமியில் போடுங்கள்.

---

நாலு தசை எழுதியது:

கட்டர்முனை சாரின் கடைசி வரியோடு உடன்பட முடியவில்லை. பக்கிள் அருகியதற்குக் காரணம் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைந்தது, கண்கள் மாறவில்லை.

இளம் வயது, சொந்த லென்ஸ், பிவிடி ஆகவில்லை, கீழே வட்ட ஓட்டைகளோ, ஓராவில் விழித்திரை கழன்ற டயாலிசிஸோ: இந்தக் கண்ணில் விட்ரெக்டமி செய்தால் இறுக ஒட்டிய ஜெல்லைப் பிய்க்க வேண்டும், கிழிசல் கூடும், நாளடைவில் கண்புரையும் வரலாம். இதே கண்ணில் கெட்டியான ஜெல் உள்ளிருந்து தானே அழுத்திக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு மேடு கொடுத்தால் போதும். பக்கிளையும் விட்ரெக்டமியையும் ஒப்பிட்டு 2007இல் வந்த எஸ்பிஆர் ஆய்வும் இதைத்தான் காட்டியது: சொந்த லென்ஸ் உள்ள கண்களில் பார்வை பக்கிளில் மேல், செயற்கை லென்ஸ் கண்களில் விழித்திரை ஒட்டுவது விட்ரெக்டமியில் மேல்.

வேலையின் வரிசை சுருக்கமாக. கன்ஜங்க்டைவாவைச் சுற்றி வெட்டி, நான்கு நேர்தசைகளையும் பட்டு நூலில் கோத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலும் ஸ்க்ளீராவை (கண்ணின் வெள்ளைச் சுவர்) பாருங்கள். மெலிந்து நீலம் பாய்ந்த இடத்தில் ஊசி போட்டால் உள்ளே இறங்கும். இன்டைரக்டில் பார்த்தபடி கிழிசலின் பின் விளிம்பு, இரு ஓரங்கள் மூன்றையும் ஸ்க்ளீராவில் குறியுங்கள். குறிக்கும் முனையை வைத்து அழுத்தும்போது தண்டின் மேட்டை முனையின் மேடு என்று நினைத்துவிடுவது வழக்கமான ஏமாற்று. பக்கிள் முன்னாலோ பின்னாலோ போய்விடும்.

கிரையோவில் (உறைய வைத்து ஒட்டுவது) விழித்திரை வெளுக்கத் தொடங்கியதும் பெடலிலிருந்து காலை எடுங்கள். பனிக்கட்டி உருகும் முன் முனையை அசைத்தால் கோராய்டு கிழியும். கிழிசலின் நடுவில் வெறும் நிறமிப் படலத்தின் மேல் உறைய வைக்காதீர்கள். அங்கிருந்து கிளம்பும் நிறமி செல்கள்தான் பிவிஆருக்கு விதை. ஒரே இடத்தில் இரண்டாம் முறை உறைய வைப்பதும் அப்படியே.

தையல் 5-0, கரையாதது, ஸ்க்ளீராவின் பாதிக் கனத்தில் நீளமாக. பக்கிளின் அகலத்தை விட தையல் கால்களின் இடைவெளி 2 முதல் 3 மிமீ கூடுதலாக இருந்தால்தான் மேடு எழும்பும். அதே அகலத்தில் போட்டால் பக்கிள் மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். கிழிசலின் ஓரத்துக்கு அப்பால் எல்லாப் பக்கமும் 2 மிமீ மேடு நிற்க வேண்டும். குதிரைலாட வடிவப் பெரிய கிழிசலுக்குக் குறுக்கே பக்கிள் வைத்தால் அது மீன் வாய் போலத் திறந்து நிற்கும்; அதற்கு முன்பின்னாக நீளவாட்டில் வைப்பது மேல்.

நீரை வெளியேற்ற வேண்டியிருந்தால் தசைகளுக்கு இடைப்பட்ட மூலைகளில் குத்தாதீர்கள், கோராய்டின் வோர்டெக்ஸ் நாளங்கள் அங்கேதான். கிடைமட்டத் தசைக்குச் சற்று மேலோ கீழோ, நீர் ஆழமாக இருக்கும் இடத்தில். முடிச்சை இறுக்கியதும் டிஸ்கின் தமனியைப் பாருங்கள். துடித்தால் பொறுக்கலாம். வெளுத்து நின்றுவிட்டால் உடனே தளர்த்துங்கள்.

சுற்றுப்பட்டை போட்டால் கண் நீண்டு 2, 3 டயாப்டர் கிட்டப்பார்வை சேரும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது.

---

பின்முனை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பக்கிளைக் கற்பது என்று முடிவு செய்துவிட்டேன். கேஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? பட்டியலில் எஸ்எஃப்6 கேஸ் 18 சதவீதம் என்றும் 20 என்றும், சி3எஃப்8 12 என்றும் 14 என்றும் 16 என்றும் இருக்கிறது. எதைப் பிடிப்பது?

---

ஐம்பது மில்லி எழுதியது:

அந்த எண்கள் எல்லாம் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன: கண்ணுக்குள் போனபின் விரியாத கலவை. சுத்தமான எஸ்எஃப்6 கண்ணுக்குள் சுமார் இரண்டு மடங்காகும், ஓரிரு நாளில். சுத்தமான சி3எஃப்8 சுமார் நான்கு மடங்கு, மூன்று நாளில். ரத்தத்திலிருந்து நைட்ரஜன் குமிழிக்குள் நுழைவதுதான் காரணம். காற்றோடு கலந்து வைத்தால் நுழைவதும் வெளியேறுவதும் சமமாகும். எஸ்எஃப்6க்கு அது 20 சதவீதத்தை ஒட்டி, சி3எஃப்8க்கு 12 முதல் 16. ஒரு எண்ணைப் பிடித்து, எப்போதும் அதையே கலக்குங்கள். பட்டியலை மாற்றிக்கொண்டே இருப்பவர்தான் ஒருநாள் தவறாகக் கலப்பார்.

50 மில்லி சிரிஞ்சில் கணக்கு: எஸ்எஃப்6 20 சதவீதம் என்றால் கேஸ் 10, காற்று 40. சி3எஃப்8 14 சதவீதம் என்றால் கேஸ் 7, காற்று 43. இரண்டையும் 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாக எடுக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து முதலில் ஒரு சிரிஞ்ச் நிறைய எடுத்து வெளியே தள்ளுங்கள். குழாயிலும் வடிகட்டியிலும் நிற்கும் காற்று போனபிறகு எடுப்பதுதான் சுத்தமான கேஸ். இதை விட்டால் 14 என்று நினைத்தது 11 ஆகிவிடும், குமிழி சீக்கிரம் கரையும். காற்று சேர்த்தபின் சிரிஞ்சைப் பல முறை புரட்டிக் கலக்குங்கள். முன்கூட்டியே கலந்து மேசையில் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் வழியாகவே கேஸ் கசிந்து சதவீதம் இறங்கும்.

கண்ணுக்குள் ஏற்கெனவே காற்று இருக்கிறது. குழியின் கொள்ளளவு 4, 5 மில்லி என்பதால் 5 மில்லி செலுத்தினால் போதும் என்று நினைப்பது தவறு. பழைய காற்றோடு கலந்துவிடும். 30, 40 மில்லியை இன்ஃப்யூஷன் வழியாக மெதுவாகச் செலுத்தி, எதிர்த்துளையில் வெளியேற வழிவிட்டுக் கழுவுங்கள். கடைசி 5 மில்லியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேன்யுலா எடுக்கும்போது கசிந்தால் ஈடு செய்ய.

கலக்காத கேஸ் சிரிஞ்சும் கலந்த சிரிஞ்சும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. நிறைந்த கண்ணில் சுத்தமான சி3எஃப்8 போனால் தமனி அடைத்துப் பார்வை போய்விடும். பெயரையும் சதவீதத்தையும் எழுதி ஒட்டுங்கள், சத்தமாகச் சொல்லி வாங்குங்கள்.

சுத்தமான கேஸுக்கும் இடம் உண்டு: வெளிநோயாளி அறையிலேயே செய்யும் நியூமாட்டிக் ரெட்டினோபெக்சி. அங்கே விட்ரியஸ் அப்படியே இருக்கிறது, சின்னக் குமிழி விரிந்து கிழிசலை மூட வேண்டும். எஸ்எஃப்6 0.5 மில்லி, அல்லது சி3எஃப்8 0.3 மில்லி. கிழிசல் மேல் எட்டு மணி நேரப் பகுதிக்குள், ஒன்றுக்கொன்று ஒரு மணி நேர அளவுக்குள் இருக்க வேண்டும், நோயாளி தலையைச் சொன்னபடி வைப்பவராக இருக்க வேண்டும். இதை விட்ரெக்டமியோடு ஒப்பிட்டு 2019இல் வெளியான பிவட் ஆய்வில் முதல் முயற்சியிலேயே ஒட்டியது இதில் 80.8 சதவீதம், விட்ரெக்டமியில் 93.2. ஆனால் பார்வையின் தரம் இதில்தான் மேலாக இருந்தது.

எஸ்எஃப்6 ஏறக்குறைய இரண்டு வாரம் நிற்கும், சி3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை விமானம் கூடாது. விமான அறையின் அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். குமிழி மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். நைட்ரஸ் ஆக்சைடும் கூடாது, அது குமிழிக்குள் பாய்ந்து அழுத்தத்தை ஏற்றும். பல் பிடுங்கவோ வேறு அறுவைக்கோ போகும்போது நோயாளிக்கு இதைச் சொல்லத் தோன்றாது. கையில் பட்டை கட்டி அனுப்புங்கள். மல்லாந்து படுக்கவும் வேண்டாம். குமிழி லென்ஸின் பின்னால் ஒட்டினால் இறகு போலப் புரை விழும், கண்ணின் நீர் வடியும் கோணமும் அடைபடலாம்.

சிலிகான் ஆயிலுக்கு விமானத் தடை இல்லை. அது நீரை விட இலேசு, ஒப்படர்த்தி 0.97, ஆகவே கீழ்ப்பாதியில்தான் தாங்கல் குறைவு. லென்ஸே இல்லாத கண்ணில் ஆயில் போட்டால் 6 மணியில் ஐரிஸில் துளை கட்டாயம், மேலே போட்டால் ஆயிலே அதை அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, ஆயில் போடும் முன்பே கண்ணின் நீளத்தை அளந்து வையுங்கள். அல்ட்ராசவுண்ட் ஒலி விட்ரியஸில் நொடிக்கு 1532 மீட்டர், 1000 சென்டிஸ்டோக் ஆயிலில் சுமார் 980. திருத்தாமல் அளந்தால் கண் நீளமாகக் காட்டும், பின்னால் போடும் லென்ஸின் பவர் தப்பிவிடும்.

---

புறநோயாளி எழுதியது:

எல்லோரும் அறுவை அறையிலேயே நிற்கிறார்கள். ரெட்டினாக்காரரின் வேலையில் பெரும்பங்கு வெளியில்தான். ஊசியும் லேசரும் ஓசிடியும் (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்).

ஊசியில் அலட்சியம் வரும், ஏனென்றால் நாளுக்குப் பல. 5 சதவீதப் போவிடோன் அயோடினுக்கு நேரம் கொடுங்கள், இமை முடி ஊசியில் படக்கூடாது, 30 கேஜ் ஊசி, அளவு 0.05 மில்லி. குத்தும்போது பேசிக்கொண்டே வேலை செய்யாதீர்கள். வாய்க்காற்றில் வரும் கிருமி கண்ணுக்குள் போனால் மோசமாக இருக்கும். ஊசி எடுத்ததும் விரல் எண்ணச் சொல்லுங்கள். எண்ண முடியவில்லை என்றால் தமனியைப் பாருங்கள்.

இரவுப் பணியில் கண் உள்தொற்று வந்தால் மருந்துக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். வான்கோமைசின் 0.1 மில்லியில் 1 மிகி: 500 மிகி பொடியை 10 மில்லியில் கரைத்து, அதிலிருந்து 1 மில்லி எடுத்து 4 மில்லி சேர்த்தால் மில்லிக்கு 10 மிகி. செஃப்டாசிடிம் 0.1 மில்லியில் 2.25 மிகி: 1 கிராமை 10 மில்லியாக்கி, அதில் 2.25 மில்லி எடுத்து 7.75 சேர்க்க வேண்டும். இரண்டும் தனித்தனி சிரிஞ்ச், தனித்தனி ஊசி. ஒன்றாகக் கலந்தால் படிந்துவிடும். மாதிரியை எடுத்தபின்தான் மருந்து. ஜென்டாமைசினைத் தொடாதீர்கள், மாக்குலாவின் ரத்த ஓட்டத்தையே அணைத்துவிடும்.

எதை எப்போது செய்வது என்பதுதான் இந்தத் துறையின் தலைவலி. மாக்குலா இன்னும் ஒட்டியிருக்கும் விலகல் அன்றோ மறுநாளோ மேசைக்கு வர வேண்டும். மாக்குலா போய்விட்டால் சில நாள் அவகாசம் உண்டு, ஒரு வாரத்தைத் தாண்டவிடாதீர்கள். சர்க்கரை நோயின் இழுவிசை விலகலுக்கு முன்னால் பெவாசிசுமாப் 1.25 மிகி போட்டால் ரத்தம் குறையும். ஆனால் போட்ட மூன்று முதல் ஐந்து நாளுக்குள் அறுவை செய்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் நாளம் சுருங்கி நார் இறுகி, இழுவை கூடிவிடும். மேசை கிடைப்பது உறுதியாகும்வரை ஊசி போடாதீர்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ ஏறி அறுவை ரத்தாவது நடக்கிற விஷயம்.

கற்கும் வரிசை பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும்: ஆயில் எடுப்பது, பிறகு செயற்கை லென்ஸ் கண்ணில் வெறும் ரத்தக் கசிவுக்கு விட்ரெக்டமி, பிறகு புதிய விலகல், அதற்கப்புறம் மாக்குலாப் படலம். சர்க்கரை இழுவை, பிவிஆர், காயம், குறைமாதக் குழந்தை இவையெல்லாம் கடைசி. பல இடங்களில் ஆள் பற்றாக்குறையில் இந்த வரிசை குலையும். அப்போது மறுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நோயாளியிடம் "ஒட்டிவிட்டது" என்பதையும் "பார்வை வந்துவிட்டது" என்பதையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். பெரும்பாலான விலகல்களை ஒட்ட வைத்துவிடலாம், ஆனால் மாக்குலா விலகிக் கிடந்த கண்ணில் கோடுகள் நெளிவது நீடிக்கும். அறுவைக்கு முன்பே இதைக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

---

இருபது டயாப்டர் எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை, புறநோயாளி சொன்ன ரத்தக் கசிவுக்கு. ரத்தத்தால் உள்ளே ஒன்றும் தெரியாத கண்ணை பி-ஸ்கேன் (கண்ணின் அல்ட்ராசவுண்ட் படம்) இல்லாமல் மேசைக்கு ஏற்றாதீர்கள். விழித்திரை டிஸ்கிலிருந்து விடுபடாது, ஒலி பெருக்கத்தைக் குறைத்தாலும் அதன் கோடு நிற்கும், கண்ணை அசைத்தால் தயங்கித் தயங்கி ஆடும். பிவிடிப் படலம் பெருக்கத்தைக் குறைத்ததும் மங்கும், கண் நின்ற பிறகும் தாராளமாக ஆடிக்கொண்டிருக்கும். பழைய ரத்தம் படலத்தில் தடிமனாகப் படிந்திருந்தால் மட்டும் இந்த வித்தியாசம் ஏமாற்றும். அப்போது டிஸ்கில் ஒட்டியிருக்கிறதா என்பதை எல்லாக் கோணத்திலும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.